குளிர்பதனக் கிடங்கில் காய் வைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 62,000 ரூபாய் போய்விட்டது. மொரீஷியசின் பெல் மார் பக்கம் காய்கறி பயிரிடும் நம்மவர் வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது.

தைப்பூசக் காவடி விரதம் தொடங்கினால் மொரீஷியசில் காய்கறிக்கு நல்ல கிராக்கி. அதற்குள் புயல் எச்சரிக்கை வந்துவிட்டதால், தக்காளியைப் பச்சையாகவே பறித்து, கத்தரிக்காயோடு வாடகைக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்குக் கொண்டுபோனோம்.

அங்கிருந்தவர் "வாருங்கள் ஐயா" என்று அப்பாவைத் தமிழிலேயே வரவேற்றார். இங்கே வியாபாரத்தில் தமிழ் காதில் விழுவது அபூர்வம். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கிடங்குக்காரர் ஒரு தக்காளியை எடுத்து உருட்டிப் பார்த்து, "நல்ல காய் ஐயா. பச்சைத் தக்காளிக்கு 13 டிகிரியில் தனி அறை இருக்கிறது. கவலையில்லாமல் போங்கள்" என்றார். அறையைத் திறந்தும் காட்டினார். முழு வாடகையையும் அப்போதே வாங்கிக்கொண்டார்.

எடுக்கப் போனபோது எங்கள் பெட்டிகள் அந்த அறையில் இல்லை. யாரோ பெரிய வியாபாரியின் முட்டைக்கோசுக்கும் காரட்டுக்கும் நடுவே கிடந்தன. கதவில் 4 டிகிரி என்று காட்டியது. முட்டைக்கோசுக்கு அந்தக் குளிர் நல்லது. பச்சைத் தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் பழுக்கும் திறனே போய்விடும். வெளியே எடுத்ததும் தோல் குழிந்து, கரும்புள்ளி விழுந்து அழுகத் தொடங்கியது. கத்தரிக்காயை அறுத்தால் விதையெல்லாம் பழுப்பு. புயல் கொண்டுபோயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். கெடாமல் காக்கக் காசு வாங்கியவர்களே கெடுத்துவிட்டார்கள்!

அந்தக் கிடங்குக்காரரிடம் கேட்டால், "உங்கள் காயிலேயே நோய் இருந்திருக்கும்" என்றார். பிறகு மேலாளரைக் கைகாட்டினார். மேலாளரோ, "ரசீதின் பின்புறம் பாருங்கள், சரக்குக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார். இப்போது அப்பா அழைத்தால் தொலைபேசியை எடுப்பதே இல்லை. "ஐயா" என்று வாய் நிறைய அழைத்த அதே மனிதர்! வாடகையும் சரக்கும் சேர்த்து 62,000 ரூபாய். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது.

சேமிப்பு முறைகளைப் பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. எந்த அறை, எத்தனை டிகிரி என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பெட்டிக்குள் சொந்தத் தெர்மாமீட்டர் வையுங்கள். சொல்லாமல் போய்ப் பாருங்கள். முழு வாடகையை முன்பணமாகக் கொடுக்காதீர்கள். கெட்ட காயைக் கொட்டுவதற்கு முன் படம் எடுங்கள். நாங்கள் எடுத்திருக்கிறோம், அவற்றோடுதான் புகார் கொடுக்கப் போகிறேன்.