பழைய இன்னோவாவுக்கு எது சரி: கம்பெனி சர்வீஸா, பட்டறையா, நின்றால் பார்த்துக்கொள்வதா?

எங்கள் வீட்டு இன்னோவா 2010 மாடல். பாலக்கோட்டில் இருக்கும் என் மச்சானிடமும் அதே வருடத்து, அதே 2.5 லிட்டர் டீசல் இன்னோவா. இரண்டும் ஓடும் ரோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பென்னாகரம் வழியாக ஒகேனக்கல், தொப்பூர் வழியாகச் சேலம், இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, ஓசூர். எங்கள் வண்டி 2,60,000 கி.மீ. தாண்டியும் எஞ்சினைப் பிரிக்காமல் ஓடுகிறது. மச்சான் வண்டிக்கு 1,70,000-லேயே எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. தருமபுரிப் பக்கம் பழைய வேன் வைத்திருப்பவர்கள் மூன்று வழியில் ஏதாவது ஒன்றில்தான் போகிறார்கள். நான் முதல் இரண்டிலும் இருந்து பார்த்தவன். மூன்றாவதை மச்சான் வண்டியில் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

முதல் ஏழு வருடம் நான் கம்பெனி சர்வீஸ்தான். அதன் பெரிய பலம், என்ன வேலை எத்தனையாவது கிலோமீட்டரில் செய்ய வேண்டும் என்பதை நாம் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. அட்டவணை அவர்களிடம் இருக்கும், போன முறை என்ன மாற்றினார்கள் என்பது கம்ப்யூட்டரில் இருக்கும். ஸ்கேனர் போட்டு சென்சார் கோளாறைக் கண்டுபிடிப்பதிலும் அவர்கள் கை தேர்ந்தது. ஆனால் வண்டிக்கு வயது ஏற ஏற பில் வேறு மாதிரி ஆகிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் தேய்ந்தால் ஆர்மையே முழுசாக மாற்றலாம் என்று எஸ்டிமேட் வரும். அதில் தப்பில்லை, புதுப் பொருள் போட்டால் அவர்களால் உத்தரவாதம் தர முடியும். ஆனால் பட்டறையில் அதே ஆர்மைப் பிரஸ்ஸில் வைத்துப் பழைய புஷ்ஷைத் தள்ளிவிட்டுப் புதுசு போட்டுத் தருவார்கள். செலவு அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். பத்து வயது தாண்டிய வண்டிக்கு இந்த வித்தியாசம் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும்.

அதனால் எட்டாவது வருடம் பட்டறைக்கு மாறினேன். எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு இன்னோவா, குவாலிஸ் இரண்டும் அத்துப்படி. வண்டி உள்ளே நுழையும் சத்தத்திலேயே, "தம்பி, பின்னாடி கிராஸ் ஜாயிண்ட் பேசுது" என்பார், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் மூட்டைத்தான் சொல்கிறார். கண் முன்னால் வேலை நடக்கிறது, கழற்றிய பொருளைக் கையில் கொடுக்கிறார். பட்டறையின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் அது பெரிய குறை. அங்கே அட்டவணை கிடையாது. நாம் என்ன சொல்லி விடுகிறோமோ அதைத்தான் செய்வார்கள். "ஆயில் சர்வீஸ்" என்று விட்டால் எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாறும், அவ்வளவுதான். கிரவுன் ஆயில் (பின் ஆக்சிலில் இருக்கும் கியருக்கானது), கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் நாம் கேட்டால்தான்.

இதற்கு நான் செய்தது, டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு. வண்டியோடு வந்த கையேட்டில் இருந்த அட்டவணையை அதில் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் தேதி, கிலோமீட்டர், போட்ட பொருள் மூன்றையும் குறித்துவிடுவேன். கம்பெனி சர்வீஸிடம் இருந்து எனக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்தக் கணக்குதான் என்பது இதை எழுத ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

மூன்றாவது வழி, வண்டி நின்றால் பார்த்துக்கொள்வது. மச்சான் இதைச் சோம்பேறித்தனத்தால் செய்யவில்லை. அவர் தக்காளி போடுபவர், விலை விழுந்த வருடங்களில் நன்றாக ஓடும் வண்டிக்கு எதற்குச் செலவு என்று நினைத்தார், அவ்வளவுதான். இந்த எஞ்சினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங்குக்குச் செயின் இல்லை, ரப்பர் பெல்ட். மாற்றும் நேரம் வந்தால் மீட்டரில் டி-பெல்ட் என்று ஒரு லைட் எரியும். அவருக்கும் எரிந்தது. யாரோ அதை ரீசெட் செய்து கொடுத்துவிட்டார்கள். லைட் அணைந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். பெல்ட் பழசேதான். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தொப்பூர் ஏற்றத்தில் அது அறுந்தது. எந்தச் சத்தமும் முன்னால் வரவில்லை, எஞ்சின் சட்டென்று நின்றுவிட்டது. பின்னால் லாரிகள், வண்டிக்குள் இரண்டு குழந்தைகள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் திறந்தபடி நிற்கும், பிஸ்டன் மேலே வந்து அவற்றில் இடிக்கும். வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் உடைந்து சில வால்வுகள் வளைந்திருந்தன. இழுத்து வந்த செலவோடு சேர்த்து 70,000 ரூபாய் தாண்டியது. அதே பெல்ட்டை, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு நேரத்தில் மாற்றியபோது எனக்கு ஆனது 9,000-க்குள். இந்த ஒரு வேலையில் மட்டும் காசு பார்க்காதீர்கள் என்று யாரிடமும் சொல்வேன். பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் லைட்டை நம்பவே வேண்டாம். முன்பு மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள்.

அட்டவணையைக் கூட நம் ஊருக்குத் தகுந்தபடி கொஞ்சம் இறுக்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரி ரோடுகளில் அடிக்கடி போகிறவர்கள் ஏர் ஃபில்டரைக் கையேட்டுக் கணக்குக்கு முன்னாலேயே திறந்து பாருங்கள். தூசி அடைத்தால் டீசல் வண்டி கறுப்புப் புகை தள்ளும், இழுவை குறையும்.

ரேடியேட்டர் விஷயம் இன்னும் முக்கியம். நம் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படியும். மச்சான் வருடக்கணக்கில் தோட்டத்துப் போர் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒகேனக்கல்லில் இருந்து பென்னாகரம் ஏறும்போதெல்லாம் ஹீட் முள் மேலே போகும், அவரும் நிழலில் நிறுத்தி ஆற வைத்துக் கிளம்புவார். கூலண்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றினால் போதும். தண்ணீரின் கொதிநிலையை அது உயர்த்தும், துருவையும் தடுக்கும். வழியில் அவசரத்துக்குப் போர் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், வீடு வந்ததும் வடித்துவிட்டு மாற்றிவிட வேண்டும்.

பிரேக் ஆயிலை நிறையப் பேர் மறக்கிறார்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற பிரேக் ஆயில் ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 வரை இறங்கிவிடலாம். தருமபுரியில் இருந்து தொப்பூர் இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடு அதைத் தாண்டும், ஆயிலில் ஆவிக் குமிழ் உண்டாகி பெடல் அப்படியே உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி, குழாயில் நிற்கும் ஏரை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் இறக்கத்தில் நியூட்ரலில் விடவே கூடாது. எஞ்சினை ஆஃப் செய்வது அதைவிட மோசம். எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்கம் (வெற்றிட இழுப்பு) கிடைக்கும்.

டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடிப்பது, பேட்டரி, ஏ.சி. எல்லாம் எந்தப் பட்டறையிலும் நடக்கும் வேலை, அவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை.

இத்தனை செலவுக்குப் புது வண்டியே வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ஆனது. பசுமை வரி தனி. இதையெல்லாம் சேர்த்தாலும், ஏழு பேர் உட்காரும் புது டீசல் வண்டிக்குக் கொடுக்கும் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. சேஸிஸ் துருப்பிடித்திருந்தாலோ எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தாலோ கணக்கு வேறு. அப்போது நானும் விற்றுவிடுவேன்.

என்னைக் கேட்டால், பட்டறையும் நோட்டும்தான். ஸ்கேனர் தேவைப்படும் கோளாறு வந்தால் மட்டும் கம்பெனிக்குப் போகிறேன், வருடத்துக்கு ஒரு முறைகூட வருவதில்லை. போன மாதம் மச்சான் போன் செய்தார். "மாப்ள, பிரேக் ஆயில் நீ எத்தன மாசத்துக்கு ஒருக்கா மாத்துற, அந்த நோட்டப் பார்த்துச் சொல்லு" என்றார். நோட்டை முழுசாகவே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு இரண்டு வண்டியையும் ஒன்றாகப் பட்டறையில் விட்டோம்.