ஜெர்மனியா, ஜப்பானா, சீனாவா? வெளிநாட்டு உதவியில் தொழிற்பயிற்சி

வளரும் நாடொன்றில் தொழிற்பயிற்சி நிலையம் கட்டித் தர மூன்று நாடுகள் முன்வந்தால், யாருடைய உதவியை வாங்குவது? மூவரும் செய்து காட்டிய இடங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

முதலில் ஜெர்மனி. இலங்கையில் 1958இல் பஸ்கள் அரசுடைமை ஆகின. அத்தனை பஸ்களையும் ஓடவைக்க மெக்கானிக்குகள் தேவைப்பட்டார்கள். மறு ஆண்டே ஜெர்மன் உதவியுடன் பயிற்சி நிலையம் வந்தது. மொறட்டுவையில் இருக்கும் அந்த நிலையத்தை 'ஜெர்மன் டெக்' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஜெர்மன் முறையில் படிப்பின் பெரும்பகுதி வேலைத்தளத்தில்தான். இங்கே பஸ் டிப்போக்கள் ஆட்களுக்காகக் காத்திருந்தன, அதனால் அந்த முறை பிடித்துக்கொண்டது.

அதே ஜெர்மனி 2016இல் இலங்கையின் வடக்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்னொரு நிலையம் திறந்தது. போரில் நொறுங்கிய வன்னிக்கு இது பெரிய கொடை. ஆனால் பயிற்சி முடிக்கும் பிள்ளைகளை எடுக்கப் பக்கத்தில் பெரிய தொழிற்சாலைகள் குறைவு. தொழிற்சாலைகளில் பெரும்பகுதி கொழும்புப் பக்கம் கிடக்கும்போது, வேலைத்தளப் பயிற்சிக்குப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

சீனா வேகமான வழியைப் பிடித்திருக்கிறது. 'லூபன் பட்டறை' என்ற பெயரில், ஏற்கெனவே உள்ள கல்லூரிக்குள்ளேயே இயந்திரங்களை இறக்கிப் பாடத்திட்டத்தையும் தருகிறார்கள். ஆப்பிரிக்காவின் முதல் பட்டறை 2019இல் ஜிபூட்டியில் திறந்தது. அடிஸ் அபாபா–ஜிபூட்டி ரயில் பாதையைக் கட்டியதும் சீன நிறுவனங்களே. ரயிலுக்கு ஆள் வேண்டும், பட்டறை ஆளைத் தரும். மொறட்டுவையின் கணக்கேதான் இது. என் தயக்கமெல்லாம், ஒரே நாட்டு இயந்திரத்திலும் ஒரே ரயிலிலும் கை பழகியவருக்கு வேறு கதவு திறக்குமா என்பதில்தான்.

ஜப்பான் மெதுவாகத்தான் போகிறது, ஆனால் எளிதில் கைவிடுவதில்லை. செனெகலின் டக்காரில் 1984இல் தொடங்கிய நிலையத்துக்கு இப்போது பிரெஞ்சு பேசும் அண்டை நாடுகளிலிருந்தும் ஆட்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். உகாண்டாவின் நகாவா நிலையத்துக்கான உதவி இடி அமீன் காலக் குழப்பத்தில் நின்றது. 1990களின் பிற்பகுதியில் ஜப்பான் மறுபடி அங்கே போனது. உள்ளூர் ஆசிரியர்களை வருடக்கணக்கில் பழக்கிவிடுவதுதான் அவர்களுடைய பலம்.

சரி, மூவரின் திட்டமும் தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்று உண்டு. வெல்டிங் கற்கும் பையன் கட்டுக்கட்டாக ராடு எரித்தால்தான் கை நடுங்காமல் நேர்கோடு இழுப்பான். ஆரம்ப மாதங்களில் அவன் போடும் ஒட்டெல்லாம் குப்பைக்குத்தான் போகும். ராடு, இரும்புத் தகடு, லேத்துக்கான கட்டிங் டூல் எல்லாமே தினமும் தீரும் சாமான்கள். திறப்பு விழா படத்தில் இவை வராது. உதவிப் பணம் நின்றதும் முதலில் வெட்டு விழுவது இந்தச் செலவில்தான். அப்புறம் ஆசிரியர் ஒரு முறை செய்துகாட்ட, இருபது பேர் சுற்றி நின்று பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிப் போவார்கள்.

என்னைக் கேட்டால் ஜப்பான் பக்கம்தான் சாய்வேன், ஆசிரியர்களை உருவாக்கிவிட்டுப் போகிறார்கள் என்பதற்காக. ஆனால் கையெழுத்துக்கு முன்னால், மொறட்டுவைக்குக் கிடைத்த டிப்போக்கள் மாதிரி, பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும் இடம் எது என்று ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும். கூடவே, உதவி நின்ற பிறகு ராடு வாங்கும் காசு நம் அரசின் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும்.