வேலூரில் செல்ஃப் டிரைவ் கார் எடுக்கிறவர்களுக்கு: டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டால் விட்டுவிடாதீர்கள்

வேலூர், காட்பாடிப் பக்கம் செல்ஃப் டிரைவ் கார் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஏற்கெனவே எடுத்து, டெபாசிட் திரும்ப வராமல் அலைகிறவர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள். என் பத்தாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் வந்துவிட்டது, ஆனால் சும்மா வரவில்லை.

சென்னையிலிருந்து அத்தை குடும்பம் வந்திருந்தது. எல்லோரும் ஒரே வண்டியில் ஏலகிரி போய்வரலாம் என்று ஓர் எர்டிகா எடுத்தோம். காட்பாடியில் ஆபீஸ் வைத்திருப்பவர்கள்தான், செல்ஃப் டிரைவ் வாடகை வண்டிக்கு உரிய கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து, ரசீது, அக்ரிமென்ட் எல்லாம் முறையாக இருந்தது. வண்டியை வாங்கும்போதே என் மச்சான் செல்போனில் சுற்றி வந்து வீடியோ எடுத்தான். முன் பம்பரின் அடிப்பக்கம் நீளமாக ஓர் உரசல் இருந்ததால், குனிந்து அதையும் எடுத்து, அங்கே நின்றபடியே அந்த ஆபீஸின் வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்பிவிட்டான். வண்டியைக் கொடுத்த பையன் "அது பழசுண்ணா, பிரச்சினை இல்ல" என்று வாயால் சொன்னானே தவிர, அவன் கையில் இருந்த தாளில் அதை எழுதவில்லை.

திரும்பக் கொண்டுவந்து விட்டபோது வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள், ஓட்டிப் பார்த்தார்கள், "ரெண்டு நாள்ல ஜிபேல வந்துடும்ணா" என்றார்கள். அதற்கப்புறம் போன் எடுப்பதே இல்லை. விடாமல் கேட்டதும் ஒரு மெசேஜ் வந்தது. பம்பர் உரசலுக்கு 3,500, மலை ஏறியதில் கிளட்ச் பிளேட் போய்விட்டதாம், அதற்கு 6,000, வண்டி ஒர்க் ஷாப்பில் நின்ற நாட்களுக்கு வாடகை 5,000, ஆக மொத்தம் 14,500. டெபாசிட் போக மீதி நாலாயிரத்து ஐநூறை எங்களுக்காக விட்டுக்கொடுப்பதாகவும் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கிளட்ச் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மலைக்குப் போனவர்களிடம் இதைச் சொல்லிப் பணம் பிடிப்பது சுலபம். கிளட்ச் பிளேட் ஓட்ட ஓட்டத் தேய்வதுதான், அந்தத் தேய்மானம் வண்டிக்காரர் செலவு. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, அரை கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றினால் பிளேட் கருகும் என்பதும் உண்மைதான். ஆனால் அப்படிக் கருகினால் நாற்றம் வரும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி இழுக்காது. நாங்கள் இறங்கி, ஆம்பூர் தாண்டி, பள்ளிகொண்டா டோல் வழியாக நெடுஞ்சாலையில் ஏழு பேரோடு எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்தோம். உங்களிடம் யாராவது கிளட்ச் போச்சு என்றால் மூன்றைக் கேளுங்கள்: ஒர்க் ஷாப் ஜாப் கார்டு, ஜிஎஸ்டி பில், கழற்றிய பழைய பிளேட். நான் கேட்டதற்கு "நம்ம ஆளு ஒர்க் ஷாப்பு சார், பில்லெல்லாம் போட மாட்டாங்க" என்று பதில் வந்தது. வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கிறது என்று அவர்கள் சொன்ன அதே நாளில், அதே நம்பர் எர்டிகா காட்பாடி ஸ்டேஷன் வாசலில் பெட்டி ஏற்றிக்கொண்டு நின்றதை மச்சான் போட்டோ எடுத்து வைத்திருந்தான்.

அதையும் காட்டினோம். அப்போது அந்த ஓனர் சொன்னார், "இன்னா சார், பத்தாயிரத்துக்குப் போய் கோர்ட்டு கேஸுன்னு அலையப் போறியா?"

அவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். நான் உள்ளூர்க்காரன், நேரில் போய்ச் சத்தம் போட முடிந்தது. விஐடி பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ரயிலேறிவிடுவார்கள். சிஎம்சிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியோடு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள், நடுவில் ஒருநாள் ஸ்ரீபுரம் பார்க்கக் கார் எடுத்து டெபாசிட் கட்டிவிட்டு, டிஸ்சார்ஜ் ஆனதும் ஊர் போய்ச் சேர வேண்டியவர்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது. வைத்தியத்துக்கு வைத்திருக்கிற பணத்தில் இப்படிக் கை வைப்பது எவ்வளவு பெரிய பாவம்!

ஆனால் ஊருக்குப் போய்விட்டால் கேட்க முடியாது என்பது பழைய கதை. 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எதிராளி தொழில் நடத்துகிற இடத்திலோ, பிரச்சினை நடந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்த பிறகு, நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். ராஞ்சிக்காரர் ராஞ்சியில் போட்டால் காட்பாடிக்காரர்தான் அங்கே பதில் சொல்ல வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஆணையம் வரைகூடப் போகவில்லை. முதலில் 1915க்குப் போன் செய்து புகார் பதிவு செய்தேன், தமிழிலேயே பேசலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண், அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், ஆனால் புகாருக்கு ஓர் எண் கிடைக்கும், அது பின்னால் உதவும். அப்புறம் ஒரு பக்கத்துக்கு நோட்டீஸ் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். எடுத்த தேதி, கட்டிய தொகை, வண்டி எடுக்கும்போதே வாட்ஸ்அப்பில் போன வீடியோ, பில் கேட்டும் தராதது, ஸ்டேஷன் வாசல் போட்டோ, எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, 15 நாளுக்குள் பில் காட்டுங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள், இல்லையென்றால் டெபாசிட்டோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்து ஆணையத்தில் கேட்பேன் என்று முடித்தேன். திட்டவில்லை, மிரட்டவில்லை. அக்ரிமென்டில் "சேதத்துக்கு இவ்வளவு" என்று அவர்கள் ஒரு தொகை எழுதியிருந்தால் அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அது உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும்.

கெடு முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. ஃபாஸ்டாகில் போன டோல் தொகையைக் கழித்திருந்தார்கள், அது நியாயம், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதைவிட மோசமான ஆட்களும் இருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பிளேட் காரை வாடகைக்கு விடுகிறார்கள், நூறு இருநூறு குறைவு என்று போகாதீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். ஒரிஜினல் லைசென்ஸையோ, கையெழுத்து மட்டும் போட்ட செக்கையோ, உங்கள் பைக்கையோ அடமானமாகக் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். டெபாசிட்டை யாரோ ஒருவரின் சொந்த நம்பருக்கு அனுப்பாமல் ரசீதில் உள்ள பெயருக்கே அனுப்புங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் மீட்டர் தெரிய ஒரு வீடியோ எடுத்து, "சேதம் இல்லை" என்று அவர்கள் கையாலேயே ஒரு மெசேஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலூரில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் லாட்ஜில் தங்கியிருக்கிற வெளியூர்க் குடும்பம் யாராவது இப்படி மாட்டியிருந்தால், அவர்கள் ரயிலேறுவதற்குள் இந்த 2 ஆண்டு விஷயத்தையும் சொந்த ஊரிலேயே மனுப் போடலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். 1915இல் இந்தியிலும் பேசலாம்.