தனி எழுத்தைத் தேடிப் படிக்க எந்த வழி நல்லது? கிழக்கிலிருந்து ஓர் ஒப்பீடு

கிழக்கிலங்கையின் கொம்புமுறி விளையாட்டைப் பற்றி யாராவது விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று அறிய விரும்பும் ஒருவருக்கு இன்று குறைந்தது நான்கு வழிகள் உண்டு. கூகுளில் தேடலாம். முகநூலில் கேட்கலாம். ஈழத்து நூல்களின் மின்பிரதிகளைத் தரும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் புரட்டலாம். அல்லது, தெரிந்த ஒரு வலைப்பூவைத் திறந்து, அதை எழுதுகிறவர் யாரையெல்லாம் படிக்கிறார் என்று பார்த்து, அங்கிருந்து அடுத்தவரிடம் போகலாம். நான்கு வழியிலும் போனவர் நான்கு வெவ்வேறு உலகங்களைப் பார்த்துவிட்டு வருவார்.

மட்டக்களப்பையும் அம்பாறையையும் பற்றி, சம்பளமோ பதவியோ எதிர்பாராமல், தான் கண்டதையும் படித்ததையும் எழுதிவைக்கிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அவர்கள் எழுதுவதைத்தான் தனி எழுத்து என்கிறேன். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆள்விட்டு ஆள் போகிற நான்காவது வழிக்கே முதலிடம் கொடுப்பேன். மற்ற மூன்றும் வேண்டாதவை அல்ல; ஆனால் அவற்றை மட்டும் நம்பியிருப்பவர் இழப்பது பெரிது.

கூகுளிலிருந்து தொடங்குவோம், எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ‘மட்டக்களப்பு’ என்று மட்டும் தட்டினால் விக்கிப்பீடியா, செய்தித் தளங்கள், தங்கும் விடுதிகள் என்று முதல் பக்கம் நிறைந்துவிடுகிறது. பொதுவான கேள்விக்குப் பெரிய தளங்களே விடை. அதே பெட்டியில் ‘கொம்புமுறி வடசேரி தென்சேரி’ என்று தட்டிப் பாருங்கள். ஊரை இரண்டு கட்சியாகப் பிரித்து விளையாடும் அந்த விளையாட்டின் உட்சொற்களைப் போட்டவுடன் பெரிய தளங்கள் பின்வாங்குகின்றன. பத்து வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் எழுதிவைத்த நீண்ட பதிவு மேலே வர இடம் கிடைக்கிறது. தேடுகிற சொல் எவ்வளவுக்கு ஊருக்குள் இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தனி எழுத்து அகப்படும். கண்ணகி கோயில் சடங்கைத் தேடுகிறவர் ‘குளிர்த்தி’ என்றும் ‘குளுத்தி’ என்றும் இரண்டு விதமாகப் போட வேண்டும். மண்டூர், களுதாவளை, தம்பிலுவில் என்று ஊர்ப்பெயரைக் கூடவே சேர்க்க வேண்டும். தேடலை பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ் முகவரிகளுக்குள் மட்டும் அடக்கும் வசதியையும் பழகிக்கொண்டால் செய்திக் குப்பை பெருமளவு கழிந்துவிடும்.

ஆனால் கூகுளுக்குத் தெரியாத ஒரு பெரிய பரப்பு இருக்கிறது. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் இலங்கைத் தமிழர் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பக்கங்கள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பமாகத்தான் தெரியும். தேடுபொறிக்கும் அது அப்படித்தான் தெரிகிறது. ‘கூத்து’ என்று நீங்கள் தேடினால், பாமினியில் எழுதப்பட்ட கூத்துக் கட்டுரை ஒருநாளும் வராது. அப்படிப்பட்ட பக்கத்துக்கு யாராவது ஒருவர் இணைப்புக் கொடுத்திருந்தால்தான் நீங்கள் போய்ச் சேர முடியும். போய்ச் சேர்ந்த பின் எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டிப் படித்துக்கொள்ளலாம்.

இன்னொரு குறை, அண்மையில் வந்தது. தேடல் பக்கத்தின் தலைமாட்டிலேயே விடையைச் சுருக்கித் தருகிறார்கள். கேள்வி தீர்ந்துவிட்டது என்று வாசகர் திரும்பிவிடுகிறார். எழுதியவரின் குரல், அவருடைய சந்தேகங்கள், ‘என் அம்மம்மா இப்படிச் சொன்னார்’ என்று அவர் இடையில் செருகிய வரி, எதுவும் நம்மிடம் வருவதில்லை. தனி எழுத்தில் உயிரே அந்த வரிதான்.

முகநூலைப் பற்றி மனவருத்தம் இல்லாமல் எழுத எனக்கு முடியாது. கிழக்கின் இன்றைய எழுத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கோயில் வரலாறு, வாவி மீன்பிடி, இடப்பெயர், தாய்வழிக் குடிவழக்கம், கவிதை, நூல் அறிமுகம் எல்லாம் அங்கே எழுதப்படுகின்றன. படங்கள் நன்றாக இருக்கின்றன. கேள்வி கேட்டால் அரை மணி நேரத்தில் ஓட்டமாவடியிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ யாராவது பதில் தருகிறார்கள். ஆளோடு ஆள் தொடர்பு ஏற்படுத்துவதில் இதற்கு ஈடு வேறில்லை.

கண்டடைவது என்று வரும்போது கதை மாறுகிறது. நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அங்கே தீர்மானிப்பது ஒரு நிரல். அதற்கு வேண்டியது விருப்பக்குறியும் சச்சரவும். சம்மாந்துறை நெல்வயல்களின் பழைய பெயர்களைப் பற்றி ஒருவர் பொறுமையாக எழுதிய பதிவு, அன்றைய அரசியல் சண்டைக்குக் கீழே புதைந்துபோகிறது. அடுத்த மாதம் அதைத் தேடினால் கிடைக்காது. கணக்கு இல்லாதவரால் பலவற்றைத் திறக்கவே முடியாது. எழுதியவர் கணக்கை மூடிவிட்டால் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வலைப்பூவில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக முகநூலுக்குப் போனார்கள். அவர்கள் வலைப்பூவில் எழுதியதை இன்றும் எடுத்துப் படிக்க முடிகிறது. முகநூலில் எழுதியது அவர்களுக்கே அகப்படுவதில்லை.

அங்கே நல்ல பதிவொன்றைக் கண்டால், எழுதியவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘இதை வேறு எங்காவது போட்டிருக்கிறீர்களா அண்ணா? வலைப்பூ ஏதும் இருக்கிறதா?’ இருக்கிறது என்றால் அந்த முகவரிதான் உங்களுக்கு வேண்டியது. இல்லை என்றால், ஒன்று தொடங்கச் சொல்லி வற்புறுத்துங்கள். முகநூலை நான் வாசலாகப் பயன்படுத்துகிறேன், அங்கே குடியிருப்பதில்லை.

நூலகம் வேறு இனம். 2005இல் தொடங்கிய இந்த முயற்சி ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் என்று கிடைத்ததையெல்லாம் மின்பிரதியாக்கி இலவசமாகத் தருகிறது. மட்டக்களப்பிலிருந்து வந்த ‘செங்கதிர்’, ‘மகுடம்’ போன்ற சிற்றிதழ்களை இங்கே படிக்கலாம். இணையம் வருவதற்கு முன் நம் ஊர்களில் சொந்தக் காசில் எழுதி அச்சிட்டவர்களின் வலைப்பூ இந்தச் சிற்றிதழ்கள்தான் என்று நான் எண்ணுவதுண்டு. ஒரு கோயில் கும்பாபிஷேக மலரில், வாழ்த்துரைகள் முடிந்து விளம்பரங்கள் தொடங்குவதற்கு முன்னால், ஊரின் வரலாற்றை எழுதிய ஆசிரியர் ஒருவரின் எட்டுப் பக்கக் கட்டுரை கிடக்கும். அதை வேறு எங்கும் படிக்க முடியாது.

இதன் சிக்கல், உள்ளே இருப்பதில் பெரும்பாலானவை பக்கங்களின் ஒளிப்படங்கள் என்பது. கட்டுரைக்குள் இருக்கும் ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க முடியாது. இதழ்களுக்கு உள்ளடக்கப் பட்டியல் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. அதை நிதானமாகப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. இன்று எழுதுகிறவரைத் தேட இது உதவாது. ஆனால் ஒரு பெயரை இங்கே பிடித்து, அந்தப் பெயரைக் கூகுளில் போட்டால், அவர் இப்போது எங்கே எழுதுகிறார் என்பது சில வேளை தெரியவரும். இரண்டையும் இணைத்துப் பயன்படுத்துகிறவருக்கே இது முழுப்பயன் தரும்.

இனி நான் முதலிடம் கொடுக்கும் வழி. ஒரு காலத்தில் இதற்குத் திரட்டிகள் இருந்தன. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், உலகம் முழுவதும் தமிழில் எழுதப்படும் வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் வந்த வரிசையில் காட்டியது. கனடாவில் இருப்பவரின் சமையல் குறிப்புக்குக் கீழே கல்முனைக் கவிஞரின் கவிதை இருக்கும். யார் பெரியவர், யார் சிறியவர் என்ற பேதம் அந்த வரிசையில் இல்லை. வாரம் ஒருவரை நட்சத்திரமாக அறிமுகப்படுத்தினார்கள். அந்த ஏற்பாடு ஓய்ந்த பின், அதே வேலையைச் செய்யும் ஓர் இடம் தமிழில் வரவில்லை. முகநூல் அந்த இடத்தை நிரப்பிவிட்டது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வந்ததை வந்தபடி காட்டுவதும், பொறுக்கிக் காட்டுவதும் ஒன்றல்ல.

திரட்டி போனாலும் அதன் வேர் போகவில்லை. பழைய பிளாக்ஸ்பாட் தளங்களின் வலப்பக்கத்தில் ‘நான் படிப்பவை’ என்றோ ‘நண்பர்கள்’ என்றோ ஒரு பட்டியல் இருக்கும். அதைக் கவனித்துப் பாருங்கள். சில பட்டியல்கள், புதிதாக எழுதியவரை மேலேயும் நீண்ட நாள் எழுதாதவரைக் கீழேயும் தாமாகவே வரிசைப்படுத்துகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் கீழே கடைசிப் பதிவின் தலைப்பு, அதற்கும் கீழே ‘2 வாரங்களுக்கு முன்’, ‘9 ஆண்டுகளுக்கு முன்’ என்ற குறிப்பு. தளத்தின் சொந்தக்காரர் எழுதுவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தாலும் அந்தப் பட்டியல் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும். உயிரோடு இருப்பவர்களை மேலே தூக்கிக் காட்டும். அக்கரைப்பற்றில் கவிதை எழுதியவரின் பட்டியலில் காத்தான்குடியின் வரலாற்று ஆர்வலர் இருப்பார். அவருடைய பட்டியலில் திருக்கோவில் பக்கத்துக் கோயில் மரபை எழுதுகிறவர் இருப்பார். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் படித்த தடம் அந்தப் பட்டியல்களில் இருக்கிறது. எந்தத் தேடுபொறியும் எனக்கு அதைக் காட்டித் தந்ததில்லை.

கண்டுபிடித்தால் போதாது, தொடர வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறவரின் தளத்தைத் தினமும் போய்ப் பார்க்க யாராலும் முடியாது. அதற்குத்தான் ஆர்எஸ்எஸ் ஓடை. பீட்லி, இனோரீடர் போன்ற ஒரு வாசிப்பியில் வலைப்பூவின் முகவரியைக் கொடுத்துவிட்டால், புதிய பதிவு வரும்போது அது தானே வந்து நிற்கும். இடையில் எந்த நிரலும் பொறுக்குவதில்லை. 2013 ஜூலையில் கூகுள் தன் வாசிப்பியை மூடியபோது பலர் இந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள். ஆனால் ஓடைகள் நின்றுவிடவில்லை. பிளாக்ஸ்பாட்டும் வேர்ட்பிரஸும் இன்றுவரை அவற்றைத் தருகின்றன. பெரும்பாலும் எழுத்தே வருவதால் கைத்தொலைபேசியில் டேட்டா செலவும் குறைவு. வேண்டாம் என்று தோன்றினால் நீக்கிவிடலாம், யாருக்கும் மனத்தாங்கல் வராது.

ஆங்கிலத்தில் தனி எழுத்தைக் கண்டடைவதற்கென்றே புதிய இடங்கள் வந்திருக்கின்றன. சிறிய தளங்களை முன்னிறுத்தும் மார்ஜினேலியா தேடுபொறி, காகி என்ற தேடுபொறி நிறுவனம் 2023இல் கொண்டுவந்த ‘ஸ்மோல் வெப்’ போன்றவை. பறவை, களப்புச் சூழல், பழைய பாலங்கள் என்று குறிப்பிட்ட ஆர்வம் உள்ளவர்கள் அங்கே மணிக்கணக்கில் மேயலாம். ஆனால் அவை ஆங்கிலத்தை மையமாகக் கொண்டவை. தமிழ் எழுத்தைத் தேடுகிறவர் அவற்றை நம்பிப் பயனில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவருக்கு நூலகத்தில் தொடங்கும்படிதான் சொல்வேன். ஆண்டும் பக்கமும் குறிப்பிட அங்கேதான் முடியும். ஒரே ஒரு தகவல் வேண்டியவருக்குக் கூகுளும் ஊர்ச்சொல்லும் போதும். கிழக்கு என்ன எழுதிக்கொண்டிருக்கிறது என்று ஆண்டு முழுவதும் அறிய விரும்புகிறவர், இரண்டு மூன்று நல்ல வலைப்பூக்களின் பக்கப் பட்டியல்களிலிருந்து இருபது ஓடைகளைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஓடையில் பிடித்த பதிவு வந்தவுடன் நான் இன்னொன்றும் செய்கிறேன். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அதன் முகவரியைக் கொடுத்து ஒரு பிரதி சேமித்துவிடுகிறேன். அதற்குக் கணக்குத் தேவையில்லை, பணமும் தேவையில்லை. எழுதியவரின் தளம் பின்னொரு நாள் காணாமல் போனாலும், அதே முகவரியை அங்கே கொடுத்துப் பதிவை எடுத்துவிடலாம்.