காதுக்குள்ளா, காதுக்குப் பின்னாலா?

பெங்களூரு பீன்யாவில் தகடு அழுத்தும் பவர் பிரஸ் முன்னால் 26 ஆண்டுகள் நின்றவன் நான். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று தொழிற்சாலை விதி சொல்கிறது. எங்கள் பட்டறையில் காதுக்குப் பஞ்சு வைத்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். சென்ற ஆண்டு காது மெஷின் வாங்கினேன். அதே பட்டறையில் இருந்த என் மைத்துனர், காதுத் துளைக்குள் மறைந்துவிடும் சி.ஐ.சி. வகையை வைத்திருக்கிறார். நான் எடுத்தது ஆர்.ஐ.சி.: மெஷின் காதுக்குப் பின்னால் உட்காரும், மெல்லிய ஒயரின் நுனியில் குட்டி ஒலிபெருக்கி மட்டும் உள்ளே போகும்.

எங்களுக்குச் சொன்ன விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. சி.ஐ.சி. வெளியே தெரியாது, கல்யாண வீட்டில் யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். அறுபது வயதில் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம் ஆடியோகிராம். என்னுடையதில் 1000 ஹெர்ட்ஸ் வரை நேராக வந்த கோடு, 4000இல் குழியில் விழுந்து 8000இல் சற்றே ஏறியது. இரைச்சல் தின்ற காதின் அடையாளம் இது. உட்காதின் நத்தைச் சுருளில், காதுக்கு ஏறக்குறைய 12,000 வெளிமயிர் செல்கள் மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கின்றன. இரைச்சலில் முதலில் சாவது அவைதான். கோழிக்குஞ்சுக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது, முளைக்க வைக்கும் மருந்தும் கடைக்கு வரவில்லை. அதனால்தான் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. மல்லேஸ்வரம் காய்க்காரி கன்னடத்தில் சொன்னது எப்பத்தா எம்பத்தா என்று தெரியாமல், எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் நான் விழித்த நாட்கள் உண்டு.

தாழ்ந்த சுருதி ஒலி எனக்கு நன்றாகவே கேட்கும். அப்படிப்பட்ட காதை முழுதாக அடைத்தால் சொந்தக் குரலே குடத்துக்குள் முழங்கும். இரண்டு வாரம் சி.ஐ.சி.யைச் சோதனைக்குப் போட்டுப் பார்த்தேன். முறுக்கைக் கடித்தால் மண்டைக்குள் ஜல்லி உடைத்தார்கள். போகப் போகப் பழகிவிடும் என்றார் காதைச் சோதித்த ஆடியாலஜிஸ்ட். மைத்துனருக்குப் பழகிவிட்டது. ஆர்.ஐ.சி.யின் நுனியில் துளைகள் உள்ள ரப்பர் குடை. தாழ்ந்த ஒலி தன் வழியே போய்வரும், மேல் சுருதி ஒலியை மட்டும் மெஷின் ஏற்றித் தரும்.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். குறும்பி தானாக வெளியே நகர்ந்து வரும் பாதையில்தான் சி.ஐ.சி. அடைத்துக்கொண்டு உட்காருகிறது. ஒலி வரும் வாயில் கடுகளவு வடிகட்டி ஒன்று உண்டு. வெள்ளைக் குச்சியின் ஒரு முனையால் பழையதைப் பிடுங்கி, மறுமுனையால் புதியதை அழுத்த வேண்டும். தகடு பிடித்துக் காய்த்த விரலுக்கு இது தையல் ஊசியில் நூல் கோக்கும் வேலை. என்னுடையதிலும் வடிகட்டி உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் குறும்பி அதைத் தாண்டிப் போய் ஒலிபெருக்கி கெட்டால், ஒயரோடு கழற்றிப் புதியதைச் செருகிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு முறை கெட்டது, டீ குடித்து வருவதற்குள் கையில் இருந்தது. மைத்துனருடையதில் எல்லாம் ஒரே கூட்டுக்குள். பழுதுக்கு அனுப்பிவிட்டு மூன்று வாரம் ஒற்றைக் காதோடு இருந்தார்.

பேட்டரியும் அப்படியே. அவருடையது மஞ்சள் ஒட்டு போட்ட 10ஆம் நம்பர், துவரம்பருப்பைவிடச் சற்றே பெரிது, நான்கைந்து நாளில் தீரும். ஒட்டை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கிவிடும். திரும்ப ஒட்டினாலும் மிச்சப்படாது. நான் இரவில் சார்ஜரில் வைக்கிறேன். சார்ஜ் பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைப் பதினான்கு மாத அனுபவத்தில் சொல்ல முடியாது.

சி.ஐ.சி. ஜெயிக்கிற இடம் ஹெல்மெட். யஷ்வந்த்பூர் சிக்னல் தாண்டி ஹெல்மெட்டைக் கழற்றியபோது என் வலது மெஷின் எகிறி ஸ்கூட்டர் அடியில் விழுந்தது. மூக்குக்கண்ணாடியின் காம்போடும் அதற்குத் தினமும் இடத்தகராறு. அன்றிலிருந்து வண்டி எடுக்குமுன் கழற்றி டப்பியில் போட்டுச் சட்டைப்பையில் வைக்கிறேன். என் சட்டையை ஊறவைக்குமுன் மனைவி இரண்டு முறை பையைத் தடவிப் பார்க்கிறாள்.