கேன்சர் ஸ்கிரீனிங் பேக்கேஜ், 8,999 ரூபாய்: வாங்கியவர் சொல்வது

மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. ஆண்களுக்கான கேன்சர் ஸ்கிரீனிங் பேக்கேஜ், 8,999 ரூபாய். என் கணவருக்காக வாங்கினேன். நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அதில் ஒன்று, ரத்தம் எடுத்த பெண்ணுக்கு. ஊசி குத்தியதே தெரியவில்லையாம். அரை, அவர்கள் தரும் காலை டிபனுக்கு. பொங்கல் நிஜமாகவே நன்றாக இருந்தது.

பேக்கேஜில் இருந்தவை: சிஇஏ, சிஏ 19-9, ஏஎஃப்பி, பிஎஸ்ஏ என்று ட்யூமர் மார்க்கர் (சில புற்றுநோய்களில் ரத்தத்தில் ஏறக்கூடிய பொருட்கள்) ரத்தப் பரிசோதனைகள், வயிற்று ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி, பிறகு வழக்கமான ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, கொழுப்பு. மாலையில் டாக்டர் கன்சல்டேஷன். ரிப்போர்ட்டை பைண்டிங் போட்டு கல்யாண ஆல்பம் மாதிரி கையில் கொடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அப்போது 52 வயது. திண்டுக்கல்லில் பேட்டரி கடை. மலத்தில் ரத்தம் பல மாதமாகவே இருந்தது. பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க "மூலம், பௌத்திரம்" என்று போஸ்டர் ஒட்டியிருக்கிற ஊரில் ரத்தம் என்றால் வேறு எதை நினைப்பார்கள்? போன இடத்திலெல்லாம் "மூலம்தான்" என்றார்கள். களிம்பு, இசப்கோல், ராத்திரி கடுக்காய்ப் பொடி, வீட்டில் ஓயாமல் கருணைக்கிழங்கு. ஒருவர்கூட படுக்க வைத்துப் பார்க்கவில்லை. அவரும் அதில் சந்தோஷம்தான், வெட்கப்படுகிற மனுஷன்.

கன்சல்டேஷனில் நான் ரத்தத்தைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் மார்க்கர் பக்கத்தைத் திறந்தார். "சிஇஏ நார்மல். ஸ்கேனும் கிளியர். பயப்பட ஒண்ணும் இல்லை. ரத்தம் கொஞ்சம் கம்மி, டானிக் எழுதியிருக்கேன்." ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அந்தக் "கொஞ்சம் கம்மி" இருக்கிறதே, அதில்தான் எல்லாமே இருந்தது. நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவள், தடித்த எழுத்தில் ஒரு எண் இருந்தால் கண் அங்கேதான் போகும். ஹீமோகுளோபின் 9.6. ஆண்களுக்கு 13-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை. அதற்கு இரண்டு வரி கீழே எம்சிவி 69 என்று இருந்தது. சிவப்பணுவின் அளவு அது. 80-க்குக் குறையக் கூடாது, குறைந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. மாதவிடாய் இல்லாத ஒரு ஆணுக்கு, கறி மீன் எல்லாம் சாப்பிடுகிறவருக்கு, இரும்புச்சத்து எங்கே போகிறது? யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். பெரிய டாக்டர் யாரென்று அவரிடம் கேட்கவில்லை. "அக்கா, யார்கிட்ட போனா கை வச்சுப் பார்ப்பாங்க?" என்றுதான் கேட்டேன். யோசிக்காமல் ஒரு பெயர் சொன்னார். சிறிய கிளினிக், மாடிப்படி செங்குத்து, ஏசி கிடையாது. ஆனால் எம்எஸ் முடித்து அதற்கு மேல் குடல் அறுவை சிகிச்சையில் எம்சிஎச் படித்தவர். சீட்டிலேயே மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருந்தது.

இவருக்கு ஐந்துக்கு நாலரை. அரையைக் குறைத்தது காத்திருப்புக்கு. டோக்கன் வாங்கினால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டும்.

ரிப்போர்ட்டை நீட்டினேன். மார்க்கர் பக்கங்களைப் படிக்காமலே தள்ளினார். ரத்த எண்ணிக்கைப் பக்கம் வந்ததும் எம்சிவி வரியில் பேனாவை வைத்தார். அப்புறம் ரிப்போர்ட்டை மூடிவிட்டு அவரைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். "ரத்தம் மலத்தோட கலந்து வருதா, கடைசியில சொட்டுதா? போயிட்டு வந்த பிறகும் இன்னும் போகணும் போலயே இருக்கா? எடை குறைஞ்சிருக்கா?" இரண்டாவது கேள்விக்கு எங்கள் வீட்டுக்காரர் ஆமாம் என்றார். என்னிடம்கூடச் சொல்லாத விஷயம் அது.

"ஐயா, இடது பக்கமாத் திரும்பிப் படுங்க, முழங்காலை நெஞ்சுகிட்ட மடிங்க." திரையை இழுத்தார். கையுறை, கொஞ்சம் ஜெல்லி. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மலக்குடலின் கீழ்ப்பகுதி விரலுக்கு எட்டுகிற தூரம்; அங்கே கெட்டியாக ஒரு விளிம்பு தட்டுப்பட்டிருக்கிறது. கொலனோஸ்கோப்பியில், அதாவது கேமரா குழாய் விட்டுக் குடலுக்குள் பார்க்கும்போது, சதை எடுத்து அனுப்பினார்கள். அடினோகார்சினோமா, அதாவது புற்றுநோய் என்று வந்தது.

சிஇஏ நார்மல் என்றார்களே என்று கேட்டேன். "அம்மா, அது சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வருதான்னு கவனிக்கத்தான். ஆரம்பத்தில் பலருக்கு ஏறவே ஏறாது. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு சும்மாவே ஏறும்" என்றார். வயிற்று ஸ்கேனும் குடலுக்குள்ளே எட்டிப் பார்க்காது. அப்படியென்றால் 8,999 ரூபாயில் உருப்படியாக வேலை செய்தது, தெருமுனை லேபில் சில நூறு ரூபாய்க்கே எடுத்துத் தரும் ரத்த எண்ணிக்கை மட்டும்தான். அரசு ஸ்கிரீனிங்கிலும் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றைத்தான் பார்க்கிறார்கள், குடல் அதில் இல்லை. அமெரிக்காவில் 2021-இல் இருந்து தொந்தரவே இல்லாதவர்களுக்கும் 45 வயதில் குடல் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். இங்கே தொந்தரவோடு போகிறவருக்கே விரல் பரிசோதனை கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

அரை மார்க் வெட்டியதை அந்த டாக்டருக்குத் திருப்பிக் கொடுக்கலாமா என்று தோன்றிய இடமும் உண்டு. "இந்த ஆபரேஷனை நான் பண்ண மாட்டேன். வாராவாரம் இதையே செய்யறவங்க கையில போகணும்" என்று பெரிய சென்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே எம்ஆர்ஐ எடுத்து, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்தார்கள். முதலில் கதிர்வீச்சும் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையும், பிறகு ஆபரேஷன், மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகமாக ஒரு பை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவுகள் அதில் அடங்கின. இப்போது பையை எடுத்தாயிற்று, கடைக்கும் போகிறார்.

பேக்கேஜ் விற்ற இடத்தில் கடைசி வரை சொல்லாத ஒன்று: குடல் புற்றுநோய் வந்தவரின் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதில், அல்லது நோயாளிக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இரண்டில் எது முந்தியதோ அப்போதே கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். கொழுந்தனாருக்கு 48. முந்தின நாள் குடிக்கிற இரண்டு லிட்டர் பேதி மருந்தைச் சொல்லியே தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். ஜில்லென்று வைத்து, டம்ளருக்கு டம்ளர் எலுமிச்சை பிழிந்து நான்தான் குடிக்க வைத்தேன். ஒரு பாலிப் (விட்டால் பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய சிறு சதை வளர்ச்சி) இருந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள்.