பதில் எழுதிப் பேர் வாங்க எந்த இடம்?

டேட்டாபேஸ் வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்கிறேன். கழுத்தில் கம்பெனி அட்டை இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் "இவனுக்கு விஷயம் தெரியும்" என்று நம்ப ஏதாவது கையில் வேண்டும். அதற்காகவே புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, எதைப் பற்றியும் கேட்கக்கூடிய கோரா, வேலை, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் மூன்றிலும் பதில் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே நேரத்தைத் தின்பவைதான், ஆனால் திருப்பித் தருவது வேறு வேறு.

2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கணக்கு கறார். பதிலுக்கு ஒரு ஆதரவு ஓட்டு விழுந்தால் 10 புள்ளி, கேட்டவரே ஏற்றுக்கொண்டால் 15, எதிர் ஓட்டு விழுந்தால் 2 போய்விடும். ஆனால் புள்ளியைவிட எனக்கு உதவியது, அங்கே தப்பை யாரும் சும்மா விடமாட்டார்கள் என்பது.

ஒருமுறை ஒருவர் கேட்டிருந்தார்: மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் தமிழ் எழுத்து சேமிக்க முடிகிறது, ஸ்மைலி போட்டால் மட்டும் எரர். எனக்குத் தெரிந்த விஷயம். அதில் 'யூடிஎஃப்8' என்று பெயர் வைத்திருக்கும் எழுத்துக் குறியீட்டு முறை ஒரு எழுத்துக்கு 3 பைட்தான் தாங்கும். தமிழ் 3 பைட்டில் அடங்கிவிடும், ஸ்மைலிக்கு 4 வேண்டும். 4 பைட்டையும் தாங்கும் 'யூடிஎஃப்8எம்பி4'க்கு மாற்றுங்கள் என்று இரண்டே வரியில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கீழே ஒரு கமெண்ட்: "பழைய பதிப்பில் இன்டெக்ஸுக்கு 767 பைட் வரம்பு இருக்கிறதே? 255 எழுத்தை நாலால் பெருக்கினால் 1020. 191 ஆகக் குறைக்கச் சொல்லுங்கள்." அதாவது இன்டெக்ஸ் (வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்துக்கொள்ளும் பட்டியல்) போட்ட பத்தி 255 எழுத்து நீளம் என்றால், எழுத்துக்கு 4 பைட் ஆனதும் வரம்பைத் தாண்டிவிடும்; 191 என்றால் 764, அடங்கிவிடும். முகத்தில் அடித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நன்றி சொல்லி, பதிலைத் திருத்தி, காரணத்தையும் சேர்த்தேன்.

கோராவில் இப்படி நடப்பது அபூர்வம். அங்கே தமிழிலேயே எழுதலாம் என்பது பெரிய வசதி, வாசிக்க ஆட்களும் உண்டு. ஆனால் எனக்கு வருகிற கேள்வி "டேட்டாபேஸ் படித்தால் வேலை கிடைக்குமா?" என்கிற வகை. பாதி உண்மை, பாதி சொந்தக் கதை கலந்து எழுதினால் ஓட்டு குவியும். (நானும் எழுதியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.) பிழையைப் பிடிக்கும் அளவுக்குத் தொழில் தெரிந்தவர் வந்து படிப்பது குறைவு. ஆடிட்டர், வக்கீல், டயட்டீஷியன் என்று பொதுமக்களோடு நேரடியாகப் பழகும் தொழில் என்றால் கதை வேறு. அவர்களுக்கு நான் கோராவைத்தான் சொல்வேன். வாடிக்கையாளர் கேள்வி கேட்கும் மொழியிலேயே பதில் சொல்லிப் பழகலாம்.

லிங்க்ட்இன்னில் வேலை கொடுக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதுதான் அதன் பலம். பலவீனம், எழுதியது நிற்காது. இன்று ஒரு பதிவுக்குக் கீழே நல்ல விளக்கம் எழுதினால் நாலு "கங்கிராட்ஸ்"களுக்கு நடுவில் புதைந்துவிடும், அடுத்த வாரம் நமக்கே தேடினால் கிடைக்காது. கேள்வி பதிலுக்கென்றே அங்கே தனிப் பகுதி இருந்தது; சிறந்த பதில் தந்தவரை நிபுணராகக் காட்டினார்கள். 2013 ஜனவரியோடு அதை மூடிவிட்டார்கள். 2023-இல் கூட்டுக் கட்டுரை என்று ஆரம்பித்து, அதில் எழுதியவர்களுக்குத் தங்க நிறத்தில் பேட்ஜ் கொடுத்தார்கள். அந்த பேட்ஜும் 2024-இல் போயிற்று. பேட்ஜை நம்பி இரவு பகலாக எழுதியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சரி, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மட்டும் நிரந்தரமா என்று கேட்கலாம். சாட்ஜிபிடி வந்தபிறகு அங்கே புதுக் கேள்விகள் மிகவும் குறைந்துவிட்டன. சாட்ஜிபிடி எழுதிய பதிலை ஒட்டக்கூடாது என்று 2022 டிசம்பரிலேயே தடை போட்டார்கள், ஆனால் கேட்கிறவர்களே சாட்ஜிபிடியிடம் போய்விட்டால் என்ன செய்வது? புதிதாக இன்று தொடங்குகிறவர் புள்ளி சேர்ப்பது எங்கள் காலத்தைவிடக் கஷ்டம். ஆனாலும் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்கே. வாரம் ஒரு பதில் போதும், அதன் சுட்டியை லிங்க்ட்இன் புரொஃபைலில் போட்டுவைத்தால் இரண்டு பக்கமும் வேலை நடக்கும்.

போன மாதம் ஒருவர் அந்தச் சுட்டியைப் பிடித்துக்கொண்டு அழைத்தார். அவர்கள் டேபிளிலும் அதே ஸ்மைலி பிரச்சினை. 191 கணக்கை விளக்கத் தொடங்கினேன். "தெரியும் சார், கீழே ஒருத்தர் உங்களைத் திருத்தியிருக்காரே, அதைப் படிச்சுட்டுத்தான் கூப்பிடறேன்" என்றார்.